சிரையில் உறைந்த இரத்தம் எங்கே போகிறது?

காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறது என்று கண்டறியப்பட்டவருக்கு ஊசியோ மாத்திரையோ உடனே தொடங்கப்படுகிறது. மூன்று மாதம் ஒரு நாளும் தவறாமல் மருந்து எடுத்துக்கொண்ட பின் மறுபடியும் டாப்ளர் ஸ்கேன் செய்தால், பழைய உறைவின் ஒரு பகுதி இன்னும் அங்கேயே இருப்பதாக அறிக்கை வருகிறது. மருந்து வேலை செய்யவில்லையா, இன்னும் வலுவான மருந்து வேண்டுமா, மிச்சமிருப்பது உடைந்து நுரையீரலுக்குப் போய்விடுமா என்று அவரும் குடும்பத்தாரும் கலங்கிப்போகிறார்கள்.

இந்தக் கலக்கத்தில் பெரும்பங்கு ‘கரைதல்’ என்ற ஒரே சொல்லிலிருந்து வருகிறது. சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல உறைவும் கரைந்து தடம் தெரியாமல் போகவேண்டும் என்று அந்தச் சொல் நம்மை எதிர்பார்க்க வைக்கிறது. உண்மையில் உறைவின் ஒரு பகுதியைத்தான் இரத்தத்தில் உள்ள நொதி வெட்டி அகற்றுகிறது. எஞ்சியதை உடல் ஒரு புண்ணைப் போலக் கருதி, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஆற்றுகிறது. ஆறிய புண் தழும்பு விடுவதைப் போலச் சிரையும் தழும்பு விடலாம். இந்த இரு வழிகளையும் தனித்தனியே பார்த்தால் டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு, ஸ்கேன் அறிக்கை, மருந்தின் கால அளவு ஆகிய மூன்றின் பொருளும் விளங்கும்.

## உறைவு எதனால் ஆனது

இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் எப்போதும் கரைந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில், அதாவது அணுக்கள் நீங்கிய இரத்தத் திரவத்தில், அதன் அளவு ஏறத்தாழ 2 முதல் 4 கிராம் வரை இருக்கும். உறைதல் தூண்டப்பட்டதும் உருவாகும் திராம்பின் என்ற நொதி, ஃபைப்ரினோஜனின் நுனித் துண்டுகளைக் கத்தரித்து அதை ஃபைப்ரினாக மாற்றுகிறது. ஃபைப்ரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகி, இழைகள் வலையாகின்றன. அந்த வலையின் குறுக்கே காரணி 13 என்ற இன்னொரு நொதி தையல் போடுகிறது. இந்தத் தையலைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.

தமனியில் இரத்தம் வேகமாகப் பாய்கிறது. அங்கே உருவாகும் உறைவில் இரத்தத் தட்டணுக்களே மிகுதி. சிரையிலோ ஓட்டம் மந்தமானது. ஆழ்சிரைகளின் உள்ளே, இரத்தம் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் சிறு வால்வுகள் உள்ளன. ஒவ்வொரு வால்வு இதழுக்கும் சிரைச் சுவருக்கும் நடுவே ஒரு பை போன்ற இடைவெளி உண்டு. கால் நெடுநேரம் அசையாமல் இருந்தால் அந்தப் பைக்குள் இரத்தம் தேங்கி, அங்கே ஆக்சிஜனும் குறைகிறது. சிரை உறைவுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முளைக்கின்றன. சிவப்பணுக்களை வாரிச் சுற்றிக்கொண்டு, ஓட்டத்தின் திசையில் வால்போல நீள்கின்றன. ஓட்டத் தேக்கம், நாளச் சுவரின் பாதிப்பு, இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றையும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்கோவின் ஆய்வுகளோடு சேர்த்துச் சொல்வது மருத்துவ மரபு.

உறைந்த சில மணி நேரத்துக்குள் இன்னொரு மாற்றம் நிகழ்கிறது. தட்டணுக்கள் ஃபைப்ரின் இழைகளைப் பிடித்து உள்நோக்கி இழுக்க, உறைவு முழுவதும் இறுகுகிறது. நடுவில் சிக்கிய சிவப்பணுக்கள் நசுங்கி, தட்டு வடிவத்தை இழந்து, பல முகங்கள் கொண்ட கற்களைப் போல இடைவெளியின்றி நெருங்கிவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஓடு பாவிய தரைபோலத் தெரியும். அந்த அடுக்கு வழியாக எந்த நொதியும் எளிதில் உள்ளே ஊடுருவ முடிவதில்லை. சில மணி நேர உறைவுக்கும் சில நாள் உறைவுக்கும் இடையிலான வேறுபாடு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

## முதல் வழி: பிளாஸ்மின் என்ற கத்தி

ஃபைப்ரின் இழையை வெட்டும் நொதியின் பெயர் பிளாஸ்மின். இந்தக் கத்தி இரத்தத்தில் திறந்தபடி சுற்றினால் தேவையான புரதங்களும் வெட்டுப்படும், இரத்தப்போக்கு ஏற்படும். அதனால் கல்லீரல் அதைப் பிளாஸ்மினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில் உற்பத்தி செய்து அனுப்புகிறது. அதைச் செயல்பட வைப்பவை இரண்டு தூண்டிகள். ஒன்று, இரத்த நாளத்தின் உட்சுவர் செல்கள் வெளியிடும் திசு பிளாஸ்மினோஜன் தூண்டி. மற்றொன்று யூரோகைனேஸ். இதை இரத்த வெள்ளணுக்களும் வேறு பல செல்களும் சுரக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் வியக்கவைக்கும் நுட்பம் ஒன்று உண்டு. திசுத் தூண்டி இரத்தத்தில் தனியாக மிதக்கும்போது மிகச் சோம்பலான நொதி. கல்லீரல் அதைச் சில நிமிடங்களில் அகற்றியும் விடுகிறது. ஆனால் ஃபைப்ரின் இழைமேல் அது அமர்ந்து, அதே இழைமேல் பிளாஸ்மினோஜனும் அமர்ந்துவிட்டால், செயல்வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு கூடுகிறது. வெட்டப்பட வேண்டிய பொருளே தன்னை வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொடுக்கிறது என்று இதைச் சொல்லலாம். அதனால்தான் உறைவு உள்ள இடத்தில் மட்டும் வெட்டு நடக்கிறது, மற்ற இடங்களில் நடப்பதில்லை.

ஓர் இழையை அருகில் வைத்துப் பார்ப்போம். பிளாஸ்மின் அதை லைசின் என்ற அமினோ அமிலம் உள்ள இடங்களில் வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒரு லைசின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நுனிதான் அடுத்த பிளாஸ்மினோஜன் வந்து பற்றிக்கொள்ளும் கொக்கி. ஆகவே முதல் வெட்டு மெதுவாக விழுந்தாலும் அடுத்தடுத்த வெட்டுகள் விரைவு பெறுகின்றன. டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து இரத்தப்போக்கை நிறுத்துவதும் இதே கொக்கியை வைத்துத்தான். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் உடாகோ ஒகமோட்டோவும் ஷோசுகே ஒகமோட்டோவும் உருவாக்கிய இந்த மூலக்கூறு, பார்வைக்கு லைசினைப் போலவே இருப்பதால் பிளாஸ்மினோஜனின் பிடியில் போய் அடைத்துக்கொள்கிறது. கொக்கியைப் பற்ற முடியாத பிளாஸ்மினோஜன் இழையில் அமர்வதில்லை, உறைவும் கலைவதில்லை.

## கத்தியை அடக்கும் மூன்று கைகள்

வெட்டுவதற்கு இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் உறைவு ஏன் ஓரிரு நாளில் மறைவதில்லை? ஆறவேண்டிய காயத்தின்மேல் இருக்கும் உறைவு முன்கூட்டியே கலைந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் உடல் வெட்டும் வேகத்தை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறது.

1. பிஏஐ-1 என்ற புரதம் இரு தூண்டிகளையும் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. தட்டணுக்களுக்குள் இது நிறைய சேமிக்கப்பட்டிருப்பதால் உறைவு உருவாகும்போதே அதற்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. உடல் பருமனிலும் தொற்று, அழற்சி நேரங்களிலும் இரத்தத்தில் இதன் அளவு கூடுகிறது.

2. ஆல்ஃபா-2 ஆன்டிபிளாஸ்மின், விடுபட்டு மிதக்கும் பிளாஸ்மினை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடக்கிவிடுகிறது. இழைமேல் அமர்ந்திருக்கும் பிளாஸ்மின் மட்டும் கூடுதல் நேரம் தப்பிப் பிழைக்கிறது. முன்பு குறிப்பிட்ட காரணி 13 இழைகளைத் தைக்கும்போது இந்தத் தடுப்புப் புரதத்தையும் சேர்த்தே இழையோடு தைத்துவிடுகிறது. அதாவது உறைவு, தன் காவலாளியைத் தன் உடம்பிலேயே கட்டிவைத்துக்கொள்கிறது.

3. டாஃபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நொதி, வெட்டுக்குப் பின் நீட்டிக்கொண்டிருக்கும் லைசின் நுனிகளை நறுக்கி எடுத்துவிடுகிறது. கொக்கி போய்விட்டால் அடுத்த பிளாஸ்மினோஜன் வந்து அமர இடமில்லை.

## டி-டைமர் சொல்வதும் சொல்லாததும்

காரணி 13 தைத்த ஃபைப்ரினைப் பிளாஸ்மின் வெட்டும்போது, தையல் பிரியாமலே இரட்டையாக வெளியேறும் துண்டுக்கு டி-டைமர் என்று பெயர். எங்கோ ஃபைப்ரின் உருவாகி, தைக்கப்பட்டு, வெட்டவும் பட்டிருக்கிறது என்பதற்கு அது சான்று. அது எங்கே நடந்தது, ஏன் நடந்தது என்பதை அது சொல்வதில்லை. அறுவைச் சிகிச்சை, கர்ப்பம், தொற்று, புற்றுநோய், முதுமை ஆகிய எல்லாவற்றிலும் அதன் அளவு உயரும்.

எனவே இந்தப் பரிசோதனையின் பயன் ஒருதிசைப்பட்டது. அறிகுறிகளின்படி உறைவுக்கான வாய்ப்பு குறைவு என மருத்துவர் கணித்த ஒருவரிடம் டி-டைமரும் குறைவாக இருந்தால், ஸ்கேன் இல்லாமலே உறைவு இல்லை என்று முடிவு செய்யலாம். அளவு கூடியிருப்பதை மட்டும் வைத்து உறைவு உண்டு என்று முடிவு செய்ய முடியாது. வழக்கமான வரம்பு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். 50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை வரம்பாகக் கொள்வதும் இப்போது ஏற்கப்பட்ட முறை. 72 வயதானவருக்கு அது 720. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆய்வகங்கள் டி-டைமரை இரண்டு வகை அலகுகளில் தருகின்றன. ஒன்றில் வரும் எண் மற்றதில் வருவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. மேலே சொன்ன வரம்பு பெரிய எண் தரும் அலகுக்கு உரியது. இரு வேறு ஆய்வகங்களின் அறிக்கைகளை அலகைப் பார்க்காமல் ஒப்பிட்டு அளவு ஏறியது, இறங்கியது என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

## இரண்டாவது வழி: புண் ஆறுவதைப் போல

சிரை முழுவதையும் அடைத்து நிற்கும் பெரிய உறைவுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாத இடத்துக்குப் புதிய பிளாஸ்மினோஜனும் தூண்டியும் போதிய அளவு போய்ச்சேர வழியில்லை. அங்கே நொதியை உள்ளே சுமந்து செல்ல செல்கள் வேண்டும்.

1. முதல் சில நாட்களில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நுழைகின்றன. இவற்றின் பங்கு இருவகைப்பட்டது. ஒரு பக்கம் ஃபைப்ரினைச் சிதைக்கும் நொதிகளைக் கொண்டுவருகின்றன. மறுபக்கம் சில நியூட்ரோஃபில்கள் தம் டிஎன்ஏவையே வலைபோல வெளியே வீசிவிடுகின்றன. கிருமிகளைப் பிடிக்க வீசப்படுவதாக 2004இல் விவரிக்கப்பட்ட இந்த வலை, உறைவுக்குள் ஃபைப்ரினோடு பின்னிக்கொள்ளும்போது அதைத் தாங்கும் இரண்டாவது சட்டமாகிவிடுகிறது. பிளாஸ்மினால் டிஎன்ஏவை வெட்ட இயலாது. அதற்கு வேறு நொதி தேவை.

2. ஒரு வாரத்தை ஒட்டி மோனோசைட்டுகள் வந்து, மேக்ரோபேஜ்களாக மாறிப் பொறுப்பேற்கின்றன. இவை யூரோகைனேஸைச் சுரக்கின்றன, நார்ப்பொருளைச் சிதைக்கும் நொதிகளை வெளியிடுகின்றன, செத்த சிவப்பணுக்களை விழுங்குகின்றன. இவற்றின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை எலிகளில் நடந்த சோதனைகள் காட்டின. திசுத் தூண்டி மரபணு இல்லாத எலிகளில் சிரை உறைவு ஏறத்தாழ வழக்கம்போலவே அகன்றது. யூரோகைனேஸ் மரபணு இல்லாதவற்றில் அது தங்கிவிட்டது. அந்த எலிகளுக்கு இயல்பான எலும்பு மஜ்ஜை செல்களைக் கொடுத்தபோது நிலைமை மேம்பட்டது. சிரையைத் துப்புரவாக்குவதில் உள்ளே நுழையும் செல்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

3. அதே காலத்தில் சிரைச் சுவரிலிருந்து நார்ச்செல்கள் உறைவுக்குள் வளர்ந்து, தழும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை இடுகின்றன. உறைவு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சுருங்கும் ஆற்றல் கொண்ட செல்கள் அதை ஒரு பக்கமாக இழுத்துக் குறுக்குகின்றன.

4. உறைவுக்கும் சுவருக்கும் இடையிலும் உறைவுக்கு உள்ளேயும் சிறு பிளவுகள் தோன்றுகின்றன. அவற்றின்மேல் உட்சுவர் செல்கள் படர, பிளவுகள் கால்வாய்களாகின்றன. கால்வாய்கள் அகன்று ஒன்று சேர, இரத்தம் மறுபடி பாயத் தொடங்குகிறது. ஓட்டம் வந்துவிட்டால் முதல் வழியும் மீண்டும் உயிர்பெறுகிறது, ஏனெனில் நொதிகள் இப்போது உள்ளே போக முடிகிறது.

இந்தப் படிகள் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குபவை அல்ல. ஒரே உறைவின் வால்முனை நேற்று உறைந்ததாகவும் வேர்ப்பகுதி மூன்று வாரம் பழையதாகவும் இருக்கலாம். முதலாவது பிளாஸ்மினுக்கு மசியும். இரண்டாவதில் ஃபைப்ரினைவிடக் கொலாஜனே மேலோங்கியிருக்கும், கொலாஜனுக்குப் பிளாஸ்மின் பயனற்றது.

## மருந்துகள் இதில் எங்கே வருகின்றன

ஹெப்பாரின், வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் ஆகியவற்றைக் ‘கட்டி கரைக்கும் மருந்து’ என்று சொல்வது பரவலாக உள்ளது. அவற்றில் எதுவும் ஏற்கெனவே உள்ள ஃபைப்ரின் இழையில் ஒரு வெட்டுகூடப் போடுவதில்லை. ஹெப்பாரின், உடலின் சொந்த உறைதடுப்புப் புரதமான ஆன்டித்திராம்பினை வேகப்படுத்துகிறது. வார்ஃபரின், உறைதல் காரணிகள் சிலவற்றை முழுமையாக்கத் தேவைப்படும் வைட்டமின் கே சுழற்சியைத் தடுக்கிறது. மற்ற இரண்டும் காரணி 10ஏ என்ற நொதியை நேரடியாக அடைக்கின்றன. இவை நான்கும் செய்வது புதிய ஃபைப்ரின் சேர்வதைத் தடுப்பதே.

இது சிறிய உதவி அல்ல. ஊற்றை அடைக்காமல் எவ்வளவு இறைத்தாலும் கிணறு வற்றாது. சிகிச்சையற்ற உறைவில் ஒரு முனை வெட்டுப்படும்போதே மறுமுனையில் புதிதாக உறைந்துகொண்டிருக்கும். மருந்து ஊற்றை அடைக்கிறது, இறைக்கும் வேலையை உடல் செய்கிறது. 1960இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பேரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள் நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் நடத்திய சிறிய ஆய்வு இதை வேதனையான தெளிவோடு காட்டியது. உறைதடுப்பு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பாலேயே இறந்தனர். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவரும் அந்தக் காரணத்தால் இறக்கவில்லை.

உண்மையிலேயே கரைக்கும் மருந்துகளும் உண்டு. அல்டிப்ளேஸ் என்பது ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட திசுத் தூண்டியேதான். நுரையீரல் அடைப்பால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் ஊசலாடும்போதும், அடைப்பு மிகுந்து காலே பறிபோகும் நிலை வரும்போதும் அது பயன்படுகிறது. அப்படியானால் எல்லாருக்கும் அதையே கொடுக்கக் கூடாதா? தேவையான இடத்தில் காயத்தை மூடியிருக்கும் உறைவையும் அது வெட்டிவிடும், மூளைக்குள் இரத்தக் கசிவும் ஏற்படலாம். 2017இல் வெளியான, 692 பேர் பங்கேற்ற அட்ராக்ட் ஆய்வில், வழக்கமான மருந்தோடு குழாய் வழியாக உறைவை நேரடியாகக் கரைத்து அகற்றும் முறையையும் சேர்த்துப் பார்த்தார்கள். பின்னாளில் வரும் கால் வீக்கமும் வலியும் கொண்ட தொகுப்பு நோய் இரு குழுக்களிலும் ஏறத்தாழ சமமாகவே, நூற்றுக்கு 47, 48 பேரிடம் காணப்பட்டது. முதல் பத்து நாட்களில் பெரிய இரத்தப்போக்கு, கரைத்தல் செய்தவர்களிடம் நூற்றுக்கு 1.7 என்றும் மற்றவர்களிடம் 0.3 என்றும் இருந்தது. அடைப்பை விரைவில் திறந்துவிட்டால் சிரை பழையபடி ஆகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலானவர்களிடம் நிறைவேறவில்லை. வால்வு இதழ்களும் சுவரும் அதற்குள் அடைந்துவிட்ட பாதிப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதே என் கணிப்பு.

## ‘மிச்சம் இருக்கிறது’ என்ற அறிக்கையைப் படிப்பது எப்படி

ஸ்கேன் செய்பவர் கருவியின் முனையால் சிரையை மெல்ல அழுத்துகிறார். நலமான சிரை ஈரத் துணிக்குழாய் போலத் தட்டையாகிவிடும். உள்ளே ஏதேனும் இருந்தால் முழுவதும் தட்டையாகாது. அழுத்திய நிலையில் எஞ்சும் தடிமன் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. அந்தத் தடிமன் புதிய உறைவாகவும் இருக்கலாம், சுவரில் படிந்த தழும்பாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது அனுபவம் மிக்கவர்களுக்கும் கடினம்.

தொடையின் ஆழ்சிரையில் உறைவு ஏற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின்படி, ஆறு மாத முடிவில் சிரை இயல்பு நிலைக்குத் திரும்பியவர்கள் பத்தில் ஏறத்தாழ நான்கு பேர். ஓராண்டில் ஆறு பேர், இரண்டாண்டில் ஏழு பேர். மூன்றாம் மாதத்தில் மிச்சம் தெரிவது மருந்தின் தோல்வி ஆகாது, அந்தக் கட்டத்தில் அதுவே பெரும்பான்மையினரின் நிலை. சிகிச்சை முடியும் தருணத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து வைப்பது நல்லது என்பதற்கான காரணமும் இதுவே. பிற்காலத்தில் அதே காலில் மறுபடி வலி வந்தால், தெரிவது பழைய தழும்பா புதிய உறைவா என்று ஒப்பிட்டுச் சொல்ல அந்தப் படம் கைகொடுக்கும்.

மிச்சமிருப்பது உடைந்து போகுமா என்ற அச்சத்துக்கும் விடை மேலே சொன்ன படிகளில் உள்ளது. பெயர்ந்து போகக்கூடியது, சுவரில் ஒட்டாமல் மிதக்கும் புதிய வால்பகுதி. அந்த ஆபத்து தொடக்க நாட்களிலும் வாரங்களிலும், குறிப்பாக மருந்து இல்லாதபோது மிகுதி. மாதங்கள் கடந்து கொலாஜனால் சுவரோடு பிணைந்துவிட்ட பழைய பகுதி கழன்று போவது அரிது. மருந்து தொடங்கியபின், உடல்நிலை இடம்கொடுக்கும் அளவுக்கு எழுந்து நடப்பதால் உறைவு பெயர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்வதில் மிச்சத்தின் அளவைவிட, உறைவு ஏன் வந்தது என்பதே முதன்மை பெறுகிறது. பெரிய அறுவைச் சிகிச்சை போன்ற கடந்துபோகும் காரணத்தால் வந்ததென்றால் பொதுவாக மூன்று மாதம் போதும். காரணமே தெரியாமல் வந்திருந்தால், மருந்தை நிறுத்தியபின் ஓராண்டுக்குள் பத்தில் ஒருவருக்கும், ஐந்தாண்டுக்குள் நான்கில் ஒருவருக்கும் உறைவு திரும்புகிறது. அதனால் அவர்களுக்கு இரத்தப்போக்கு அபாயத்தையும் எடைபோட்டு நீண்டகாலச் சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது.

## நுரையீரலில் தங்கிவிடும்போது

பெயர்ந்த உறைவு இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய்ச் சிக்குகிறது. அங்கே நான்கு புறமும் ஓட்டம் உண்டு, நாளச் சுவரின் ஃபைப்ரின் வெட்டும் திறனும் நல்லது. அதனால் பெரும்பாலானவர்களிடம் சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அடைப்பு பெரிதும் நீங்கிவிடுகிறது.

நூற்றில் இரண்டு முதல் நான்கு பேரிடம் மட்டும் அது நீங்காமல் தழும்பாக மாறி, தமனியின் உள்ளே குறுக்குப் பட்டைகளாகவும் வலைகளாகவும் நிலைத்துவிடுகிறது. இதயம் அந்தத் தடையை எதிர்த்து ஓயாமல் தள்ளவேண்டியிருப்பதால் நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறி, வலது இதயம் தளர்கிறது. தழும்பு என்பதால் கரைக்கும் மருந்து இங்கே உதவாது. ஆனால் தகுந்த மையங்களில் அறுவைச் சிகிச்சை மூலம் அதை உரித்தெடுக்க முடியும், பலூன் கொண்டு விரிக்கவும் வழி உண்டு. மூன்று மாதம் உறைதடுப்பு மருந்து முறையாக எடுத்த பிறகும் படியேறும்போது மூச்சு வாங்குவது குறையவில்லை என்றால், அதை உடல் சோர்வு என்று விட்டுவிடாமல், இதய எக்கோவும் நுரையீரலின் காற்றோட்டத்தையும் இரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் ஸ்கேனும் செய்துபார்க்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.